புலி வருது என்று கத்தும் பெட்டி

கேள்வி: போலீஸின் ரேடார் அலையை மோப்பம் பிடித்துச் சொல்லும் ரேடார் டிடெக்டரைக் காரில் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. கடைத்தெருவில் நுழைந்தாலே கத்து கத்தென்று கத்துகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் போலீஸ் இல்லை. பெட்டி பழுதா? (வாசகர், டல்லாஸ்)

பதில்: பழுதில்லை, பாம்புக் காது. அமெரிக்கப் போலீஸின் ரேடார் துப்பாக்கிகள் மூன்று அலைவரிசைகளில் இயங்குகின்றன: எக்ஸ் 10.525 கிகாஹெர்ட்ஸ், கே 24.150க்கு அக்கம்பக்கம், கேஏ 33.4 முதல் 36 வரை. இதில் கே போலீஸுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த இடமல்ல. மருந்துக்கடை வாசலில் ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு இருக்கிறதே, அதன் தலைமேல் கைப்பிடி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுவும் ரேடார்தான். அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும் என்ற டாப்ளர் விளைவைத்தான் துப்பாக்கியும் நம்புகிறது, கதவும் நம்புகிறது. துப்பாக்கி அதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது, கதவு ஆள் வருவதைத் தெரிந்துகொள்கிறது. அலையின் முகத்தில் அனுப்பியவர் பெயர் எழுதியிருக்காதே!

கேள்வி: கடை கண்ணியே இல்லாத ஹைவேயிலும் கத்துகிறதே?

பதில்: பக்கத்து லேனைப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத மூலையில் வண்டி வந்தால் எச்சரிக்கும் 'பிளைண்ட் ஸ்பாட்' ரேடார், பல கார்களில் 24 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அப்படி ஒரு கார் பின்னாலிருந்து நெருங்கினால் டிடெக்டரின் திரையில் ஒரு கோடு, இரண்டு கோடு, நான்கு கோடு என ஏறும். அது முந்திப்போய்த் தூரமானதும் இறங்கும். சிக்னலில் மறுபடி அதன் பக்கத்தில் நின்றால் மறுபடி அதே சத்தம். மைல் கணக்கில் கூடவே வரும் அலறல் பெரும்பாலும் இந்த ரகம்.

சொந்தக் காரையும் ஒரு தடவை சந்தேகப்படலாம். ஆளில்லாத சாலையில் ஓட்டும்போதும் கத்தினால், காரின் பிளைண்ட் ஸ்பாட் வசதியை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த கையோடு மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும். அபராதத்தைவிட உயிர் பெரிது. புதிய கார்களில் இந்த ரேடார் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவருகிறது. டிடெக்டர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால், வருங்காலத்தில் இந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: அதுவரை இதன் வாயை எப்படி அடைப்பது?

பதில்: முழுக்க அடைக்கக் கூடாது. ஆனால் ஓயாமல் புலி வருது என்றால் பத்தாவது நாள் காது மரத்துப்போகும், நிஜப் புலி அன்றைக்குத்தான் வரும். அதனால் வடிகட்டுவது அவசியம். மென்பொருளைப் புதுப்பித்தால் பிளைண்ட் ஸ்பாட் சமிக்ஞைகளைச் சலிக்கும் வடிகட்டியும் மேம்படும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சத்தம் தானே அடங்கும்படி வேக வரம்பு வைக்கலாம். ஜிபிஎஸ் உள்ள பெட்டியில், தினமும் கத்தும் அந்த மருந்துக்கடையை இடத்தோடும் அதிர்வெண்ணோடும் பூட்டிவிடலாம். ஒரு எச்சரிக்கை: அதே இடத்தில் போலீஸ் நெருங்கிய அதிர்வெண்ணில் துப்பாக்கி பிடித்தால் பெட்டி மௌனமாகவே இருக்கும். பள்ளிக்கூட வாசல் பக்கம் எதையும் பூட்டாமல் விடுவதே நல்லது.

கேஏவை மட்டும் தொடவே கூடாது. கடைக்கதவும் பிளைண்ட் ஸ்பாட்டும் அந்த வரிசையில் இல்லை. மட்டமான வேறொரு டிடெக்டரிலிருந்து கசியும் அலை எப்போதாவது ஏமாற்றலாம். மற்றபடி கேஏ ஒலித்தால் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழ வேண்டும்.

கேள்வி: நியூஜெர்சியிலிருந்து காரில் வாஷிங்டன், அப்படியே வர்ஜீனியா போகிறோம். பெட்டியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ரேடார் டிடெக்டரைச் சாதாரணக் காரிலும் தடைசெய்திருக்கும் ஒரே மாநிலம் வர்ஜீனியா. வாஷிங்டன் டி.சி.யிலும் தடை உண்டு. (பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களில் இதற்கு நாடு முழுக்கவே அனுமதி கிடையாது.) சத்தத்தை அணைத்தாலும் தப்ப முடியாது. அலையைப் பிடிக்கும் பெட்டியே மெல்லிய அலை ஒன்றைக் கசியவிடும், அதைப் பிடிக்கும் கருவி போலீஸிடம் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல், ஓட்டுநருக்கும் பயணிக்கும் கைக்கெட்டாமல் இருந்தால் வர்ஜீனியா சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே மேரிலாந்திலேயே ஒரு கேஸ் ஸ்டேஷனில் ஒதுங்கி, வயரைப் பிடுங்கி, கண்ணாடியில் ஒட்டிய பிடியையும் கழற்றி, டிக்கியில் பெட்டி படுக்கைக்கு அடியில் போட்டுவிடுங்கள்.