ராமன் கடை

1998இல் வேலைப் பயிற்சிக்காக டோக்கியோ போயிருந்தேன். டோக்கியோ ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், 600 யென்னுக்கு மத்தியானச் சாப்பாடு அமைந்தது. கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "எங்கேடா சாப்பிடறே?"

"ராமென் கடைல."

"ராமன் கடையா? அப்போ சைவமாத்தான் இருக்கும்."

ஐ.எஸ்.டி.க்கு நிமிஷக் கணக்கில் காசு ஏறிய காலம். நான் திருத்தவில்லை.

எனக்கும் அதே நம்பிக்கைதான். வாசலில் ஒரு மெஷின்; காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் சீட்டு விழும். எழுத்து ஒன்றும் புரியாது. மேல்வரிசையில் இடதுகோடிப் பொத்தான்தான் கடையின் பெயர்போன அயிட்டம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சீட்டை நீட்டி, "நிக்கு நாஷி" என்பேன். கறி வேண்டாம். கடைக்காரர் மேலே அடுக்கும் பன்றித் துண்டுகளை விட்டுவிட்டு, மூங்கில் குருத்தைக் கூடுதலாக வைப்பார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். பக்கத்து ஆபீஸ்காரருக்கு ஈடாக நானும் சர்ரென்று நூடுல்ஸை உறிஞ்சுவேன். பிறகு கிண்ணத்தைத் தூக்கி, அடியில் எள் தெரியும்வரை குடிப்பேன். சோயா சாஸ் விட்ட கெட்டி ரசம், அதிலென்ன தோஷம்?

எட்டு மாதம் கழித்து ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வாரம் 'பன்றி' என்ற எழுத்து. மறுவாரம் 'எலும்பு'. அடுத்த மத்தியானம் இரண்டும் கடைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால்தான் அந்தக் கெட்டி வரும் என்று விளக்கிய மதுரை நண்பன், "தெரிஞ்சுதான் குடிக்கிறேனு நெனச்சேன் மாப்ள" என்றான். ஊருக்குத் திரும்பும்வரை டப்பாவில் தயிர்சாதம்தான்.

போன வருஷம் இருவரும் மறுபடி போனோம். ஸ்டேஷனின் யயெசு பக்க நிலவறையில் எட்டு ராமென் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெட்டியும் கையுமாக ஜனங்கள் கியூ நிற்கிறார்கள். ராமென் 1000 யென்னைத் தாண்டினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று கடைக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. 'ஆயிரம் யென் சுவர்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சுவர் பல இடங்களில் இடிந்துவிட்டது.

நாங்கள் போனது அந்த வரிசைக்கு அல்ல, அதே ஸ்டேஷனில் டீஸ் தன்தன் என்ற சைவ ராமென் கடைக்கு. 2011 முதல் இருக்கிறது. மீன்கூடக் கிடையாது, எள்ளும் மிளகாய் எண்ணெயும் சோயாவும்தான். ஆனால் கடை டிக்கெட் கேட்டுக்கு உள்ளே, கெய்யோ லைனுக்குப் போகிற வழியில். ரயில் ஏறாதவன் பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். சென்ட்ரலில் மாமாவை வண்டியேற்ற வாங்குவோமே, அதேதான். டிஸ்னிலேண்டுக்குப் போகிற எலிக்காதுக் குழந்தைகளுக்கு நடுவே வழிதவறி, இரண்டு தடவை தப்பான பக்கம் நடந்து கடையைப் பிடித்தோம்.

மதுரைக்காரன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஏதோ குறையுது" என்றான். என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வெளியே வரும்போது கேட் திறக்கவில்லை. பிளாட்ஃபாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லுமாம். ஊழியர் மிகுந்த பணிவோடு இன்னொரு கட்டணம் வாங்கிக்கொண்டார். டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது என்று நண்பன் காட்டினான். நான் படிக்கவில்லை.