செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நாலு பேர் கூடி நின்று கவலைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1998 வாக்கில் கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு டி.டி.பி. சென்டரில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமாதிக் கார்டு, தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ். கடைக்குள் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் கம்ப்யூட்டர், ஏ.சி., நான். கதவில் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஸ்டிக்கர். முதலாளி வெளியே பனையோலை விசிறியோடு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். ஏ.சி. கம்ப்யூட்டருக்காகப் போட்டது. அதில் மிச்சக் காற்று எனக்கு வந்ததை அவர் சம்பளத்தில் ஒரு பகுதியாகவே கணக்கு வைத்திருந்தார். "ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து வேலை பாக்குற, அதையும் நெனச்சுப் பாரு" என்பார், சம்பளம் கூட்டிக் கேட்கும் போதெல்லாம்.

பென்டியம் மெஷின், 32 எம்.பி. ராம். அந்தத் தெருவில் அது பெரிய அந்தஸ்து. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், சி.பி.யு.வுக்கு மாலை. பூஜைப் பொரி கீபோர்டுக்குள் போய், 'ழ' வர வேண்டிய சாவி பொங்கல் வரை அழுத்தினால் திரும்பி எழாமல் கிடந்ததும் உண்டு.

இத்தனை உபசாரத்துக்கும் அது ஹேங் ஆகும். வைகாசி முகூர்த்த சீசனில்தான் ஆகும். பெண்ணின் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, 'தாய்மாமன் பேரு விட்டுப்போச்சு, தங்கச்சி மாப்பிள்ளைக்கு பி.ஏ. போடணும்' என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மவுஸ் அம்பு நடுத்திரையில் நின்றுவிடும். முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, காத்திருக்கலாம். எரியாவிட்டால் ரீசெட் பட்டன்தான். தொழிலில் நான் கற்ற முதல் வைத்தியம் இதுதான். எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

"என்ன தம்பி, நின்னுபோச்சா?"

"இல்லீங்கய்யா, யோசிக்குது."

ரீசெட் அடித்தால் நேரே வேலைக்கு வராது. முறைப்படி அணைக்காமல் விட்டதற்காக ஒரு நீலத் திரையில் கண்டித்துவிட்டு, ஸ்கேன்டிஸ்க் ஓடும். மஞ்சள் பட்டை அங்குலம் அங்குலமாக நகர்வதை முதலாளி, பெண்ணின் அப்பா, டீ கொண்டுவந்த பையன் என்று எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம். சேமிக்காத தாய்மாமன் போயிருப்பார். பேஜ்மேக்கரில் ஒரு சூட்சுமம் உண்டு: பக்கம் மாறும் போதெல்லாம் அது தானாக ஒருமுறை சத்தமில்லாமல் சேமித்துக்கொள்ளும். பத்திரிகையோ ஒரே பக்கம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அடிக்கொரு தரம் கீழேயிருக்கும் பக்கப் படத்தைச் சும்மா ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் வரிக்கு வரி கன்ட்ரோல்-எஸ்.

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று மூன்று சாவியைச் சேர்த்து அழுத்தும் வித்தையை, 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிராட்லி அமைத்தார். பொதுஜனத்துக்காக இல்லை, மெஷினை உருவாக்குபவர்கள் சீக்கிரமாக மறுபடி கிளப்புவதற்காக. தவறிப்போய் ஒரு கை பட்டு அணைந்துவிடக் கூடாது என்றுதான் இரண்டு கை வேண்டுகிற மாதிரி வைத்தார்கள். அவ்வளவு முன்யோசனையும் எங்கள் கடையில் வீண். இரண்டு கையும் சதா அங்கேயே தயாராக இருந்தன.

இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் 95இல் மில்லி விநாடிகளை எண்ணுகிற ஒரு கணக்கு 49.7 நாளில் நிரம்பிவிடும். அணைக்காமல் அதுவரை ஓடினால் மெஷின் நின்றுபோகலாம். வெளிவந்து சில வருடங்கள் கழித்துத்தான் இது தெரியவந்தது. எங்களுக்கு அந்த ஆபத்து கடைசிவரை இல்லை. மின்சார வாரியம் பார்த்துக்கொண்டது.

கைமீறிப் போனால் தஞ்சாவூரிலிருந்து இன்ஜினீயர் வருவார். வருகிறார் என்றாலே கடை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆகிவிடும். மூடியைக் கழற்றுவார், ராமை உருவுவார், சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைத் தேய்ப்பார், ஊதுவார், திரும்பச் செருகுவார். ஓடும். அதற்கும் ஓடாவிட்டால், "ஃபார்மட் அடிச்சிரலாம்." ஒரு தடவை இந்தச் சடங்கையெல்லாம் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், "நம்ம டிராக்டரும் இப்பிடித்தான் மக்கர் பண்ணும். கொஞ்ச நேரம் ஆற விடுங்க தம்பி" என்றார். இன்ஜினீயரும் நானும் பார்வையைப் பரிமாறிக்கொண்டோம். படித்தவர்களின் பார்வை.

இப்போது வீட்டில் மகளின் லேப்டாப் ஹேங் ஆகிறது. 8 ஜி.பி. ராம், என் பழைய மெஷினைப் போல் 256 மடங்கு. யாரும் கூடுவதில்லை. "அப்பா, மறுபடி ஸ்டக்" என்று அடுத்த அறையிலிருந்து குரல் மட்டும் வரும். அலுவலக மீட்டிங்கில் அவள் முகம் பாதி வாயைத் திறந்தபடி நின்றிருக்கும். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது.

நான் போய் கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் தஞ்சாவூர் இன்ஜினீயரைக் கண்டேன்.

அவள் தரப்பு வைத்தியம் வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது எத்தனை சதவீதம் தின்கிறது என்று பார்ப்பது. ஹேங் ஆகும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து நின்றுவிடுகிறது என்பதுதான் அதில் ஒரே குறை. ஈவென்ட் வியூவர் என்று ஒரு நாட்குறிப்பு உண்டு; மெஷின் நடந்ததையெல்லாம் அதில் எழுதி வைக்கும். ஆவலாகத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாகச் சிவப்புப் பதிவுகள். அதன் அர்த்தம்: முறைப்படி மூடப்படாமல் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பியிருக்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஒரு வரி இல்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்த குற்றத்துக்கு நம் பேரில்தான் எஃப்.ஐ.ஆர். ஸ்கேன்டிஸ்க் இதையே நேரே முகத்தைப் பார்த்துச் சொல்லும். அது பரவாயில்லை என்று தோன்றியது.

மெமரி டெஸ்ட் சுத்தம். டிஸ்க் ஆரோக்கியம். வெள்ளை ரப்பருக்கு வேலையே இல்லை. இந்த மெல்லிசு மாடலில் ராமை போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள், உருவ முடியாது. பிறகு கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. சாப்பாட்டு மேஜையில் வைத்து எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நிற்பதில்லை. அவள் அறைக்குப் போனால், அதுவும் மீட்டிங் கொஞ்சம் நீண்டால், நிச்சயம் நிற்கிறது. அவள் அறையில் என்ன இருக்கிறது? ஏ.சி., மெத்தை, போர்வை, போர்வைமேல் லேப்டாப். காற்றை உள்ளிழுக்கிற துளைகளெல்லாம் அதன் அடிவயிற்றில் இருக்கின்றன. அவற்றை மெத்தை மூடிவிட்டால் சூடு உள்ளேயே சுற்றும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நமக்கு அது ஹேங்.

கடைத்தெருவில் ஒரு பையனிடம் கொடுத்தோம். திருகாணிகளைக் கழற்றி அடித்தகட்டைத் திறந்தான். ஃபேனுக்கும் அதன் முன்னாலிருக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு, படுக்கை விரிப்பின் நூலும் தலைமுடியுமாக. இழுத்தபோது முழு நாடாவாக வந்தது. சிப்பின் மேலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.

"எப்பவும் ஏ.சி. ரூம்லதான் இருக்கு தம்பி" என்றேன், பழைய பெருமையில்.

"ரூமுக்கு ஏ.சி. சார். இதுக்குக் கம்பளி போத்தி வச்சிருக்கீங்க."

சுத்தம் செய்து புது பேஸ்ட் தடவிக் கொடுத்தான். கிளம்பும்போது, "அப்படியே ஒரு ஃபார்மட்டும் அடிச்சிரலாமா சார்?" என்று கேட்டான். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

லேப்டாப் இப்போது நன்றாக இருக்கிறது. தகராறு மகளோடுதான். மேஜையில் வைத்து வேலை பார் என்றால், "மேஜையில உட்கார்ந்தா எனக்கு ஓடாதுப்பா" என்கிறாள். கூலிங் பேட் என்று ஃபேன் வைத்த ஒரு பலகை விற்கிறார்கள். அந்த ஃபேனுக்கு மின்சாரம் அதே லேப்டாப்பிலிருந்துதான் போக வேண்டும் என்பதால் நான் வாங்கவில்லை. பரணிலிருந்து கல்யாண மணை ஒன்றை இறக்கி மெத்தைமேல் போட்டிருக்கிறேன். லேப்டாப் அதில் உட்காருகிறது. ஏ.சி.யை இருபத்திநாலில் வைத்துக்கொண்டு அவள் போர்வைக்குள் இருக்கிறாள்.