கண் நிற்க வேண்டிய இடம்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளும்போது, தென்னேரியிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் போகும் கூட்டத்தோடு நீங்களும் சிறுவயதில் போயிருந்தால், பலகை நிறைய ஒட்டிய பலூன்களும் அவற்றின் எதிரே சங்கிலியால் கட்டிய பழைய ஏர்கன்னும் உங்களுக்கும் நினைவிருக்கும். அதில் குறிபார்க்க இருக்கும் சைட் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கட்டையில் கன்னத்தை அழுத்தி, ஒரு கண்ணை மூடி, சிவப்புப் பலூனையே முறைத்துக்கொண்டு விசையை இழுப்போம். வெடித்தால் கூட்டம் கைதட்டும், வெடிக்காவிட்டால் அடுத்த குண்டுக்கு அண்ணனிடம் சில்லறை கேட்போம்.

கல்லூரி நாளில் என்.சி.சி முகாம் வந்தது. குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ ரைபிளைத் தோளில் அணைத்துச் சுட்டோம். குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி விழுந்தால் ‘நல்ல குரூப்பிங்’ என்று முதுகில் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டுக்காகவே வெயிலில் வரிசையில் நின்ற வயது அது.

கைத்துப்பாக்கி என் கைக்கு வந்தது வெகுகாலம் கழித்து, வேலை தேடிச் சென்னைக்குப் போன பிறகுதான். அப்போது சைட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. ரேஞ்சில் இருந்த ஏர் பிஸ்டலில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு கட்டை. அதுதான் ஓப்பன் சைட். கோச் முதலில் சொன்னது என் பலூன்கடைப் பாடத்தையே கவிழ்த்துவிட்டது: அட்டையைப் பார்க்காதே, முன்சைட்டை மட்டும் பார், கறுப்பு வட்டம் மங்கலாகவே இருக்கட்டும். எனக்கு இது புரிந்தது வீட்டுத் தறியால்தான். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தில் இழையைக் கோக்கும்போது, அப்பாவின் கண் அந்த ஓரிழையில் நிற்கும். வாசலில் யார் வந்து நின்றாலும் அவருக்கு உருவம் தெரியுமே தவிர முகம் தெரியாது.

காரணம் எளிய கணக்கு. இரு சைட்டுகளுக்கும் இடையே முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டை பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் அகலமோ வெறும் 11.5 மில்லிமீட்டர்! கை முழுவதும் சமமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் அவ்வளவுதான் நகரும். அதனால்தான் கைநடுக்கத்தை மன்னிக்கிற ஓப்பன் சைட், கண் அலைவதை மன்னிப்பதில்லை. ஒரு கையால் பிஸ்டலை நீட்டி, மறு கையைப் பாக்கெட்டில் வைத்து, கட்டையின் இருபுறமும் ஒளிக்கீற்று ஒரே அகலமாகத் தெரியும் அந்தக் கணத்துக்காக மூச்சை நிறுத்திக் காத்திருந்த சாயங்காலங்களை நான் இன்றும் ஏங்கி நினைக்கிறேன்.

இன்று அக்காள் பேத்தி பயிற்சிக்குச் சேரும்போதே, “தாத்தா, ஓப்பன் சைட்டா, ரெட் டாட்டா?” என்று கேட்கிறாள். 1975 வாக்கில் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் வேட்டைக்காரர்களுக்காகக் கொண்டுவந்த ரெட் டாட் சைட், இப்போது கைத்துப்பாக்கியின் முதுகில் தீப்பெட்டிக்கும் சிறிதாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. கண் குறியிலேயே இருக்கலாம், புள்ளி அதன்மேல் வந்து நின்றால் சுடலாம். என் பலூன்கடைப் பார்வைக்கு அறிவியல் இத்தனை ஆண்டு கழித்து இடம் கொடுத்திருக்கிறது! அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். விசையை வெடுக்கென்று இழுத்தால் புள்ளி துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் மாதக்கணக்கில் உணராத பிழையை இன்றைய பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்ணால் காண்கிறார்கள். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்து, கை நீளத்தில் இருக்கும் முன்சைட் பஞ்சாகத் தெரிகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனாலும் அவளிடம் ஓப்பன் சைட் என்றே சொன்னேன். அவள் ஆசை போட்டியில் இருக்கிறது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ரெட் டாட்டுக்கு அனுமதியே இல்லை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றதும், பாக்கெட்டில் கைவிட்டபடி சுட்டு உலகமே பேசிய துருக்கியின் யூசுஃப் டிகேச் கலப்பு அணியில் வெள்ளி வென்றதும் பள்ளமும் கட்டையும் கொண்டுதான். புள்ளியில் பழகிய கண்ணை முன்சைட்டுக்கு இழுத்து வருவது கடினம். முன்சைட்டில் ஊறிய கண் எப்போது வேண்டுமானாலும் புள்ளிக்குப் போய்க்கொள்ளும். போட்டி வேண்டாம், பொழுதுபோக்குக்குத்தான் என்று ஐம்பதில் வருகிறவர் தயங்காமல் ரெட் டாட் எடுக்கட்டும்.

அவளுக்கு இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். போட்டிப் பிஸ்டல்களில் பின்சைட் பள்ளத்தின் அகலத்தைத் திருகி மாற்றலாம். தொடக்கத்தில் அதைச் சற்று அகலமாகவே வைத்துக்கொள். இருபுறமும் வெளிச்சம் தாராளமாகத் தெரியட்டும், சமமா இல்லையா என்று கண் தானே சொல்லும். குரூப்பிங் நெருங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொள்ளலாம்.