அடிமனை யாருது மாப்ள?

மாப்ள, லண்டன் ஈஸ்ட்ஹாம்ல மாடி வீடு வாங்கி, பால் காய்ச்சி, போட்டோவும் அனுப்பிட்ட. சந்தோசம். பத்திரத்தைப் படிச்சியாடான்னா, "125 வருசக் குத்தகை மாமா"ன்னு நெஞ்சை நிமித்துற. எப்ப எழுதினதுன்னு கேட்டா, 1981-ங்கிற. நீ கணக்குல புலியாச்சே, மீதி எத்தனை? 81 வருசமும் சொச்சமும்.

கோயில் மனையில வீட்டைக் கட்டி, அப்பன் காலத்துல இருந்து அடிமனை வாடகை கட்டுறவன் நான். சுவரு என்னுது, மண்ணு சாமியுது. அந்தச் சாமியாவது கணக்குப் பாக்காது (அது பேருல பாக்கிறவங்க இருக்காங்க, அது வேற கதை). உன் நிலக்காரனுக்குக் கணக்குப் பாக்கிறதே தொழிலு.

இங்கிலாந்துல 1993-லயே சட்டம் போட்டுட்டாங்க. பிளாட்டுக் குத்தகைக்காரன் கேட்டா, விலையை வாங்கிக்கிட்டு 90 வருசம் கூட்டித் தரணும். தரைவாடகைன்னு ஒரு மிளகுக்கு மேல கேக்கக் கூடாது. நெசமாவே மிளகுதான். கேட்டு வந்தா அஞ்சறைப் பெட்டியத் திறந்து எடுத்துக் குடு. லண்டன்ல தெருத்தெருவா நிலம் வச்சிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு, அந்தக் கோவத்துல தன் கட்சியையே விட்டுப் போனாரு. அவரே கோவிச்சுக்கிட்டாருன்னா சட்டத்துல உனக்கு ஏதோ நல்லது இருக்குன்னு புரிஞ்சுக்க.

ஆனா அதுல 80-ன்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்கான். மீதி வருசம் 80-க்குக் கீழ இறங்கிருச்சுன்னா, குத்தகை நீளுறதால ஏறுற மதிப்புல பாதியையும் நிலக்காரனுக்கு அழணும். 'மேரேஜ் வேல்யூ'ன்னு பேரு. தாலி கட்டுறது யாருன்னு கேக்காத, மொய் எழுதுறது நீதான். இதை ஒழிக்கணும்னு 2024-ல சட்டம் நிறைவேறுச்சு. 2025-லயும் அந்தப் பகுதி நடப்புக்கு வரலை. வரட்டும்னு திண்ணையில உக்காந்திருக்கப் போறியா?

"வக்கீலு எதுக்கு மாமா, குத்தகையை நீட்டக் கேக்குற நோட்டீசை நானே எழுதிடுறேன்"னு சொன்ன பாரு, அங்கதான் சிரிச்சேன். முடி வெட்ட ஆள் தேடுறவன், குத்தகை நோட்டீசைத் தானே எழுதுறானாம்! விலைன்னு பேருக்கு ஒரு சின்னத் தொகையைப் போட்டா அந்த நோட்டீசே செல்லாதுன்னு அங்க தீர்ப்பு இருக்கு. நிலக்காரன் பதில் குடுத்த ஆறு மாசத்துக்குள்ள பேச்சு முடியணும், இல்லாட்டி தீர்ப்பாயத்துக்குப் போகணும். அந்தத் தேதியை விட்டியோ, நோட்டீசு செத்துச்சு, அவன் வக்கீலுக்கும் மதிப்பீட்டாளருக்கும் கூலி மட்டும் உன் தலையில. இந்த வேலையையே செய்யிற சர்வேயர் ஒருத்தரு, சொலிசிட்டர் ஒருத்தரு வேணும். வீடு வாங்கிக் குடுத்தானே உன் சிநேகிதன் சொன்ன சொலிசிட்டரு, 81-ங்கிறதை உன் காதுல போடாதவன், அவன் வேணாம். 'லீசு'ங்கிற அரசாங்க ஆலோசனை அமைப்பு காசு வாங்காமச் சொல்லும். ஓசின்னா உனக்குப் பிடிக்குமே, முதல்ல அங்க கேளு.

நிலக்காரன், "நமக்குள்ள பேசிக்கலாமே"ன்னு தேன் தடவிக் கடுதாசி போடுவான். அதுல சின்ன எழுத்தைப் பாரு. வருசத்தைக் கூட்டிட்டு, பழைய தரைவாடகையை மிச்ச 81 வருசத்துக்கும் அப்படியே வச்சிருப்பான்.

அடிமனையையே வாங்கிடலாம்னா அதுக்கும் வழி உண்டு. கட்டடத்துல பாதி வீட்டுக்காரங்களாவது சேரணும். உன் கட்டடத்துல ரெண்டே வீடு. ரெண்டே வீடுன்னா பாதி போதாது, ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஆகும். குப்பைத் தொட்டிச் சண்டையில கீழ்வீட்டுக்காரனோட பேச்சுவார்த்தை இல்லைன்னியே, ஒரு டப்பா அதிரசத்தோட இறங்கிப் போயி கதவைத் தட்டு.

வாங்கி ரெண்டு வருசம் ஆகணும்ங்கிற விதியையும் 2025 சனவரியோட எடுத்துட்டாங்க, அதனால அந்தச் சாக்கும் உனக்கு இல்ல. நோட்டீசு குடுத்த தேதியை வச்சுத்தான் 80-க்கு மேலயா கீழயான்னு பாப்பாங்க. தீபாவளி டிக்கெட்டைத் தள்ளிப் போடு, நோட்டீசு வேலையை முடிச்சிட்டு ஊருக்கு வா.