போடியார் வீட்டு டீச்சர்

என்னகா மகள், எழுவான்கரையில பெரிய வீடொண்டில புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறியாம். போ, நல்லது. மண்டூர்த் துறையில படகுப்பாதை நேரத்துக்கு வரும். ஆனா உன்ட பைக்குள்ள அந்த 'ஜேன் அயர்' புத்தகமும் கிடக்குப் பார், அதுதான் எனக்கு யோசின. நீ மூக்கச் சிந்திச் சிந்திச் சொன்ன கதய நானும் கேட்டன்தானே. அதே மாதிரி 1969ல 'சாந்தி நிலையம்' எண்டொரு படம் வந்திச்சி. புள்ளைகளப் பாக்கப் போன காஞ்சனா ஜெமினி கணேசனப் பாத்துக்கொண்டு நிண்டா. உனக்கும் அந்த நோய் வந்திரப் போகுது.

கணக்குப் பாப்பம். ரொச்செஸ்டர் துரை வீட்டில படிப்பிச்ச ஜேனுக்குச் சம்பளம் வருசத்துக்கு 30 பவுண். அந்தத் துரை மாடியில பூட்டி வெச்ச பெண்சாதி பெர்த்தா, ஜமேக்காவில இரிந்து கொண்டு வந்த சீதனம் 30,000 பவுண். ஜேன் ஆயிரம் வருசம் படிப்பிச்சாத்தான் அந்தக் காசக் கண்ணால காணலாம். காசையும் வாங்கிப்போட்டு மனிசியையும் பூட்டினவனுக்காகா நீ அழுதாய்? குதிரையில வந்தானாம், கருகருண்டு முகமாம். எங்கட வட்டையில எருமைக்குப் பின்னால போறவனுகளுக்கும் கருகருண்டுதான் முகம். ஒருத்தியும் கிறுகிப் பாக்கல்ல.

இந்தக் கத மட்டக்களப்பில நடந்திரிந்தா ரெண்டாம் பக்கத்திலயே முடிஞ்சிரிக்கும். இஞ்ச வீடு பொம்புளப் புள்ளைக்கு. மாப்புளதான் உடுப்புப் பெட்டியோட பெண்சாதி வீட்டுக்கு வாறது. எத்தின ஏக்கர் வயல் இரிந்தாலும் போடியாரும் அப்பிடித்தான். துரை பெர்த்தாவப் பூட்டப் போயிரிந்தா, மாமியார் அவர வெளியில விட்டுப் படலையப் பூட்டியிரிப்பா. மறுகா எந்த ஜேன், எந்தக் காதல்?

புத்தகத்த எழுதின சார்லட் பிராண்டிக்கு வீட்டு டீச்சர்மார்ட பாடெல்லாம் தெரியும். 1839ல ஒரு வீட்டில புள்ளைகளப் பாக்கப் போனா. படிப்பிச்சது போதாதெண்டு குமிச்சுக் குமிச்சுத் துணி தைக்கக் குடுத்தாங்க. 1841ல வேற வீடு. பேச்சுக்குச் சம்பளம் 20 பவுண். உடுப்புத் தோய்க்கிற காசு கழிச்சா 16. ஒரு துரையும் குதிரையில வரல்ல. 1847ல கரர் பெல் எண்டு பேர மாத்திப் புத்தகம் போட்டா. பாவம், கற்பனையிலகூடச் சம்பளத்த 10 பவுண்தான் கூட்டினா. மிச்சத்துக்குத் துரையப் போட்டு நிரப்பிற்றா.

ஆனா ஜேன் புத்திக்காரி, அதையும் சொல்லணும். தகப்பன்ட சகோதரன்ட சொத்து 20,000 பவுண் வர, மச்சான் மச்சாள்மாரோட நாலாப் பிரிச்சி, தன்ட பங்கு 5,000 கையில வந்த பிறகுதான் விட்டிட்டு வந்த துரையத் தேடிப் போனா. போய் என்ன சொன்னா? நீங்க என்ன வெச்சிரிக்காட்டி உங்கட வாசலுக்குப் பக்கத்தில நானே வீடு கட்டிக்கொள்ளுவன் எண்டா. எங்கட ஊர்ப் புள்ளையேதான்! நீ அந்தப் பக்கத்த மட்டும் ஏன்கா கெதியாப் புரட்டினாய்?

நீ போற இடமும் மாடி வீடாம், வீட்டுக்காரரும் வடிவான மனிசனாம். போன உடன மேல ஏறிப் பார். ஆரும் கேட்டா, காத்து வாங்க வந்தன் எண்டு சொல்லு. மறுகா மாசம் முடிய சம்பளத்தக் கையில எண்ணி வாங்கு. உடுப்புத் தோய்ச்ச காசு கழிக்க விடாத.