பிரேக் விளக்கு அளவையியல்: குட்வில் எஸ்டேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

மோட்டார் வண்டியின் விளக்குகளை ஆய்வு வசதிக்காக இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: சொந்தக்காரர் பார்க்கக்கூடியவை, பார்க்க முடியாதவை. ஹெட்லைட் எரியாவிட்டால் இருட்டே சொல்லிவிடும். டெயில் லைட் பின்னால்தான் இருக்கிறது, ஆனாலும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிரேக் லைட் அப்படியல்ல. இறங்குவதற்காகப் பெடலிலிருந்து காலை எடுத்த கணத்தில் அது அணைந்துபோகும். காசு கொடுத்து வாங்கியவருக்குக் காட்சி தராமல், பின்னால் வரும் முகம் தெரியாத ஆளுக்கு மட்டும் தரிசனம் தரும் விளக்கு உலகத்தில் இது ஒன்றுதான். ஆகவே ஒருவர் "என் வண்டியில் பிரேக் லைட் எரிகிறது" என்று சொன்னால், அதை எந்த அளவையால், அதாவது அறியும் எந்த வழியால், அறிந்தீர் என்று கேட்க ஆய்வாளனுக்கு உரிமை உண்டு.

அளவைகள் பத்து என்று எடுத்துச் சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிட்டது பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். அதை எழுதிய அருணந்தி சிவாசாரியார் காலத்தில் மோட்டார் வண்டி கிடையாது. இருந்தும் நம் சிக்கலுக்கு இதைவிட நல்ல கையேடு இன்றுவரை வரவில்லை. காண்டல் ஓட்டுநருக்கு வாய்க்காது என்று பார்த்தோம். அடுத்தது கருதல். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று கொள்வதுபோல, "மிதித்தேன், ஆகவே எரிந்திருக்கும்" என்று கொள்வது. இது அனுமானப் போலி. மிதிப்பதற்கும் விளக்குக்கும் நடுவே ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், நாலைந்து ஒயர் முடிச்சு, இரண்டு பல்பு, இரண்டு எர்த் இருக்கின்றன. புகைக்கும் நெருப்புக்கும் நடுவே இத்தனை இணைப்பு கிடையாது.

ஆய்வுப் பொருள், அந்தமானின் போர்ட் பிளேயரில் உள்ள குட்வில் எஸ்டேட்டில் ஓர் அண்ணாச்சி வைத்திருக்கும் 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பில் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன குலம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய கார் வின்டேஜ் என்று பதிவு பெறலாம். அப்படிப் பதிந்தால் எண் பலகையில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாம். இதைக் கேட்டதும் அண்ணாச்சி பதிவு யோசனையைக் கைவிட்டார். "மீன் வாங்கப் போறது எதுல சேரும்?" என்பது அவர் கேள்வி. பராமரிப்பில் சேரும் என்பது என் தாழ்மையான கருத்து.

களத்தின் தட்பவெப்பத்தையும் குறித்தாக வேண்டும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை, சென்னைக்குப் பெய்வதைப் போல இரு மடங்கு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நனைக்கும். நனைக்காத மாதங்களில் கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து தடவும். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம்) இடையே சுமார் 1200 கிலோமீட்டர் கடல். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு சாமானை வாங்கிக் கப்பலேற்றினால் கடலிலேயே மூன்று நாள் போய்விடும். ஆகையால் இங்கே தப்பான சாமானை வரவழைப்பது தத்துவப் பிழை மட்டுமல்ல, செலவும்கூட.

இனி உரை அளவை. அண்ணாச்சி பேரனைப் பின்னால் நிறுத்திப் பெடலை மிதித்து, "எரியுதாலே?" என்றார். "எரியுது தாத்தா." விட்ட பிறகும் கேட்டார். அப்போதும் எரிந்தது. விட்ட பிறகும் எரிவது எப்படிப் பிரேக் லைட்டாகும் என்று விசாரித்ததில், பார்க்கிங் லைட் போட்டிருந்தது தெரியவந்தது. பையன் பார்த்தது டெயில் லைட்டை. சாட்சி பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. இந்த வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். கடைக்காரர்கள் டபுள் பாயிண்ட் பல்பு என்பார்கள். பித்தளைக் கழுத்தில் இரண்டு முளையையும் ஒரே உயரத்தில் வைக்காமல் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி வைத்திருப்பது, திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். பலத்தைப் பிரயோகித்துத் திருப்பிப் போட்ட மகான்களும் உண்டு. அவர்கள் வண்டியில் டெயில் பிரகாசிக்கும், பிரேக் மினுக்கும். ஆகவே சோதனையின்போது மற்ற எல்லா விளக்கையும் அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். ஆள் கிடைக்காதவர்கள் இரவில் வண்டியை வெள்ளைச் சுவர் ஓரமாகப் பின்பக்கம் நிறுத்தி மிதித்தால், சுவரில் விழும் சிவப்பைக் கண்ணாடியில் பார்க்கலாம். காண்டலும் கருதலும் கைகோக்கும் அரிய இடம் அது.

சித்தியாரில் பிற மதங்களை மறுப்பது பரபக்கம், தன் மதத்தை நிறுவுவது சுபக்கம். அந்த முறையிலேயே போவோம்.

பல்புவாதிகள் சொல்வது: பல்பை மாற்று. எளிய மதம், அடியார்களும் அதிகம். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் இவர்கள் வாதம் ஓரளவு நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் செத்தால் நிற்காது. ஃபியூஸ்வாதிகளை மறுப்பதும் சுலபம். மோரிஸ் வழி ஒயரிங்கில் பிரேக் லைட்டும் வைப்பரும் இண்டிகேட்டரும் பெட்ரோல் மீட்டரும் ஒரே ஃபியூஸில் குடித்தனம் நடத்துகின்றன. வைப்பர் ஆடுகிறதென்றால் ஃபியூஸ் நிரபராதி. போன ஃபியூஸில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடும் உட்பிரிவினரோடு நான் வாதம் செய்வதில்லை. ஒருநாள் புகை வந்து நெருப்பை அவர்களுக்கே உணர்த்தும்.

சுவிட்ச்வாதிகள் வலுவானவர்கள். இன்றைய கார்களில் பெடல் ஓரமாக ஒரு பித்தான் சுவிட்ச் இருக்கும். பழைய அம்பாசடரில் அது பிரேக் குழாயிலேயே மரை போட்டு முடுக்கியிருக்கும். மிதித்ததும் எழும் ஆயில் அழுத்தம்தான் உள்ளே தொடுப்பைச் சேர்க்கிறது. வயதாக ஆக அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். மெல்ல மிதித்தால் எரியாது, நாய் குறுக்கே வந்து ஓங்கி மிதித்தால் மட்டும் எரியும். சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்துப் பார்த்து, அப்போது விளக்கு எரிந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். முனையில் ஆயில் கசிந்திருந்தால் அது விளக்குப் பிரச்சினையே அல்ல, பிரேக் பிரச்சினை. வண்டியை எடுக்கக் கூடாது. சுவிட்சை மாற்றினால் பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். அண்ணாச்சி வண்டியில் ஒயரைத் தொட வைத்தும் எரியவில்லை. சென்னைக்குச் சொல்லவிருந்த சுவிட்ச் அத்தோடு ரத்து.

நம் சித்தாந்தம் எர்த். செம்புக்குக் களிம்புபோல உயிருக்கு ஆணவ மலம் என்கிறது சைவம். கடலோரத்தில் இது உவமை அல்ல, நேரடிச் செய்தி. பல்பு ஹோல்டரின் உலோகக் கூடு பாடித் தகட்டைத் தொடும் இடத்தில்தான் மின்சாரம் வீடு திரும்ப வேண்டும். அந்த இடத்தில் பச்சைக் களிம்பும் செந்துருவும் ஏறிவிட்டால் வழி அடைபடும். ஒரே ஓம் தடை சேர்ந்தாலும் போதும், 21 வாட் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

முழுக்க அடைபட்டால் நடப்பது இன்னும் விசேஷம். பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் வெளியேற வழியின்றி, பக்கத்து டெயில் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, டெயில் ஒயரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், மீட்டர் விளக்கைத் தொட்டு அங்கே எர்த் தேடும். பகலில் பெடலை மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கலாக முழிக்கும். அண்ணாச்சி வீட்டம்மா இதைப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். பரிகாரம் தப்பு என்றாலும், கண்டறிந்த அறிகுறி முதல் தரமானது. எந்த மெக்கானிக்கும் அதை அவ்வளவு சரியாகக் கவனித்திருக்கவில்லை.

மல்டிமீட்டரை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹோல்டரில் வைத்தால் 12 வோல்ட் காட்டும், பல்பைப் போட்டால் எரியாது. மீட்டர் ஏறத்தாழ மின்சாரமே உறிஞ்சாது. ஒற்றைச் செம்பிழையில் தொங்கும் ஒயர்கூட அதற்கு 12 வோல்ட்டாகத் தெரியும். இரண்டு பிரேக் பல்புக்கும் சேர்த்து மூன்றரை ஆம்பியர் போக வேண்டும் என்னும்போதுதான் அந்த ஒயரின் யோக்கியதை வெளிப்படும். ஒயரிங் பார்க்கிற தம்பி வைத்திருக்கும் பழைய பல்பும் இரண்டு ஒயரும் சேர்ந்த டெஸ்ட் லேம்ப் இதில் மீட்டரைவிட மேலான ஆசிரியன்.

ஒயர் நிறங்களைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன். பிரிட்டிஷ் மரபில் பச்சை சுவிட்சுக்கு வரும், பச்சையில் ஊதாக் கோடு போட்டது பின்விளக்குக்குப் போகும். ஆனால் அண்ணாச்சி வண்டியில் ஐம்பது ஆண்டு மெக்கானிக்குகளின் இடைச்செருகல்கள் இருப்பதால் மூலபாடத்தை மீட்க முடியவில்லை. ஒரு முழம் பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய சிவப்பு.

பரிகாரம் எளியது. டிக்கியைத் திறந்து, ஹோல்டரைக் கழற்றி, உப்புத்தாளால் தகடு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்து, அதையும் நம்பாமல் கூட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்து, போல்ட்டை முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார் தம்பி. இரண்டு பக்கமும் எரிந்தன. மீட்டர் விளக்கு முழிப்பதும் நின்றது.

பிரேக் விளக்கு தேவையா என்ற பூர்வாங்க வினாவுக்கு நீண்ட விடை வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் 1974-இல் 343 டாக்ஸிகளுக்குக் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கு மாட்டிப் பார்த்ததில் பின்மோதல்கள் அறுபது சதவீதம் குறைந்தன. நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 102-ஆவது இதற்கானது. அண்ணாச்சி மட்டும் இன்னமும் வலது கையை ஜன்னல் வழியே நீட்டி மேலும் கீழும் ஆட்டுகிறார். அந்த விளக்குக்கு எர்த் பிரச்சினை வந்ததில்லை என்பது அவர் வாதம். மழையில் நனைகிறதே என்பது என் மறுப்பு.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய அம்பாசடருக்குப் பின்னால் போகிறீர்கள், அதன் பிரேக் லைட் எரியவில்லை என்றால், அதை அறிந்த ஒரே ஜீவன் நீங்கள்தான். பக்கத்தில் போய் வெறுமனே "லைட், லைட்" என்று கத்தாதீர்கள். அவர் ஹெட்லைட்டைத்தான் அணைப்பார். பிரேக் லைட் என்றும், இடதா வலதா என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.