ஒழுகுகிற கமெரா

ஹோல்கா கமெராவைக் கையில் வாங்குகிற எவருக்கும் முதலில் எழும் சந்தேகம், இதற்குள் தண்ணீர் ஊற்றிப் பீய்ச்சலாமா என்பதுதான். உடம்பு பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். குலுக்கினால் உள்ளே எதுவோ ஆடும். எது என்று திறந்து பார்த்தால் பிலிம் போச்சு. ஹொங்கொங்கில் லீ திங்-மோ என்பவர் 1982இல் இதைச் சந்தைக்கு விட்டபோது, சீனாவின் சாதாரணக் குடும்பங்கள் மலிவாகப் படம் எடுக்கட்டும் என்றுதான் நினைத்தார். குடும்பங்கள் 35 மில்லிமீற்றர் கமெராக்களோடு போய்விட்டன. நடுத்தெருவில் நின்றதைக் கலைஞர்கள் தத்தெடுத்தார்கள். 2018 கோடையில், மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில், நானும் ஒன்றைத் தத்தெடுத்தேன்.

தூரத்தைக் குறிக்க இதில் எண்கள் இல்லை, சின்னச் சின்னப் படங்கள்தான்: ஒற்றை ஆள், சிறு குடும்பம், கூட்டம், மலை. எங்கள் வீட்டுக் கலியாணங்கள் கூட்டத்துக்கும் மலைக்கும் நடுவே எங்கேயோ வரும். மலையோ புவாண்ட்-கிளேரில் கிடையாது. மொன்றியல்காரர் பெருமையோடு ‘மலை’ என்கிற மொன்ட் ரோயலே 233 மீற்றர்தான். ஆகவே மலைக்குறியை சென் லூயி ஏரிக்கு ஒதுக்கிவிட்டேன். வெயில், மேகம் என்று இன்னொரு விசையும் உண்டு. பழைய ஹோல்காக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் வெளிச்சம் புகும் துளை மாறாது. கோயில் நிர்வாக சபையில் உபதலைவர் பதவி மாதிரி.

பின்மூடியின் விளிம்பால் வெளிச்சம் ஒழுகும். அஞ்சுகிறவர்கள் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். கலைஞர்கள் ஒழுகட்டும் என்று விடுவார்கள். படத்தின் நடு ஓரளவு தெளிவு, ஓரம் போகப் போகக் கலக்கம், நாலு மூலையும் இருட்டு. 120 பிலிமில் சதுரமாக 12 படம் விழும். கழுவுகிற செலவை 12ஆல் வகுத்துப் பார்க்கக் கூடாது. வகுத்த அன்றோடு கலை முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்காரர் “நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ, ஆடாதேங்கோ” என்று நம்மைச் சிலையாக்கித்தான் எடுப்பார். ஒரு மூலை இருண்டால்கூடக் காசு வாங்காமல் திருப்பி எடுத்துத் தருவார். எத்தனை கலைப்படைப்புகளை அந்த மனிதர் குப்பையில் போட்டிருப்பார்!

பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் என் கமெராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கப்பா ஆக்ஃபா கிளிக் 3 வச்சிருந்தாருங்க. பரோடாவுல பண்ணுனது. இதே பிலிமு, இதே சதுரம், இதே பன்னெண்டு படம். பளிச்சுனு விழோணும்னு வெயில்லயே எங்களை நிக்க வைப்பாருங்க. அது கலைன்னு அவருக்கு யாருமே சொல்லலைங்க.”

முதல் சுருள் கழுவி வந்தபோது மனைவி ஒரு படத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, முகமே தெரியேல்லை. உதுக்குக் காசும் குடுத்தனீங்களோ?”

ஆதாரங்களை எடுத்து வைத்தேன். நான்சி ரெக்ஸ்ரோத் 1970களில் ஹொங்கொங் பிளாஸ்டிக் கமெராவான டயானாவால் எடுத்த படங்கள் ‘அயோவா’ என்ற பெயரில் 1977இல் புத்தகமாக வந்தன, இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். படங்களில் பெரும்பாலானவை அயோவாவில் அல்ல, ஒஹையோவில் எடுத்தவை. கலையில் முகம் என்ன, மாநிலமே தெரியத் தேவையில்லை. மனைவி அசையவில்லை. டேவிட் பேர்னெட்டை இறக்கினேன். 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தில் ஹோல்காவால் அல் கோரை எடுத்தார். வெள்ளை மாளிகைச் செய்திப் படப்பிடிப்பாளர் சங்கத்தின் போட்டியில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது.

“அந்தத் தேர்தலிலை அல் கோர் தோத்தவரெல்லே?” என்றாள் மனைவி.

புவாண்ட்-கிளேரில் படம் எடுக்கிற எவரும் கடைசியில் போய் நிற்பது காற்றாலைக்கு முன்னால்தான். தீவை ஆண்ட சுல்பீசியக் குருமார் 1709இல் ஏரிக்குள் நீண்ட முனையில் கட்டிய கல் ஆலை அது. மொன்றியல் தீவில் இதைவிடப் பழைய காற்றாலை இல்லை. பக்கத்தில் சென் ஜோக்கிம் தேவாலயம். ஆலையைத் தனியாக எடுத்தால் அஞ்சலட்டைதான் மிஞ்சும். ஹோல்காவிலோ பிலிம் சுற்றுகிற குமிழுக்கும் அமத்துகிற விசைக்கும் சம்பந்தமே இல்லை. சுற்றாமல் விட்டால் ஒரே சதுரத்தில் எத்தனை தரமும் அமத்தலாம். மாமி அப்போது எங்களோடு இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து டொலார்-டே-ஸோர்மோவிலுள்ள முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போவோம். ஒரு வெள்ளி, திரும்பும் வழியில், ஆலையை ஒருதரம் அமத்தினேன்; சுற்றவில்லை; தேவாலயத்தின் நிழலில் மாமியை நிறுத்தி அதே சதுரத்தில் இன்னொருதரம்.

கழுவி வந்த படத்தில் ஆலையின் கோபுரம் மாமியின் சேலைக்குள் மறைந்துபோயிருந்தது. நாலு இறக்கைகளும் தோளுக்குப் பின்னால் விரிந்திருந்தன. சொந்தக் கை இரண்டையும் சேர்த்தால் ஆறு. வலது மூலையில் வெளிச்சம் செம்மஞ்சளாக ஒழுகியிருந்தது.

“கற்பூரமும் எரியுது” என்றார் மாமி. அதுவரை என் படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காதவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “தம்பி, உதைப் பெரிசாக்கித் தாங்கோ. சாமியறைக்கு வேண்டாம், ஹோலுக்குப் போதும்.”

படம் வாட்ஸ்அப்பில் நல்லூருக்குப் போயிற்று. அன்றிரவே மாமியின் தங்கை அழைத்தார்.

“அக்கா, உது எந்தக் கோயில்? பழசு போலை கிடக்கு.”

“1709இலை கட்டினது.”

“எப்ப கொடியேத்தம்?”

மாமி என் பக்கம் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டார். “தம்பி, காத்து எப்ப நல்லா அடிக்கும்?”